பிரிஜித்தம்மாள் நாட்டில் மூன்று நாள்

நம் கத்தோலிக்க இல்லங்கள் பலவற்றில், செபப் புத்தகங்களுக்கிடையே அட்டை கிழிந்த சிறு நூல் ஒன்று இருப்பதுண்டு. புனித பிரிஜித்தம்மாள் பெயரால் வழங்கும் பதினைந்து செபங்கள் அதில் அச்சிடப்பட்டிருக்கும். எங்கள் இருவருடைய பிறந்த வீடுகளிலும் அது இருந்தது. தவக்கால மாலைகளில் அதைச் சொல்லியே வளர்ந்தோம். ஆயினும் அப்புனிதை எந்நாட்டவர், எக்காலத்தவர், கன்னியரா மணமானவரா என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் எட்டு மக்களைப் பெற்ற தாய் என்பதையும், நெடுநாள் இல்லறம் நடத்திக் கணவரை இழந்தவர் என்பதையும் அறிந்துகொள்ள எங்களுக்கு அறுபது வயது கடக்க வேண்டியிருந்தது. அதனையும் நாங்கள் மிதிவண்டி மேலமர்ந்தே அறிந்தோம் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும்.

அச்செபங்கள் அவரே இயற்றியவை அல்ல என்பதே அறிஞர் கருத்து. அவற்றோடு சேர்த்து அச்சிடப்படும் வாக்குறுதிகள் நம்பத்தக்கவை அல்ல என்று 1954ஆம் ஆண்டில் உரோமையும் எச்சரித்துள்ளது. இது நிற்க.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம், சுவீடன் நாட்டு லின்ஷோப்பிங் நகரில் பணிபுரியும் மகள், மருமகன் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அந்நகரைச் சூழ்ந்த ஓஸ்தர்யோட்லாந்து மாநிலம் பெரும்பாலும் சமவெளி. வாற்கோதுமை வயல்களும், செந்நிறம் பூசிய மரக்களஞ்சியங்களும், நான்கைந்து கிலோமீட்டருக்கு ஒரு வெள்ளை ஆலயக் கோபுரமுமாக அது விரிந்து கிடக்கிறது. மேடுபள்ளம் குறைவாதலால் மிதிவண்டிக்கு ஏற்ற நாடு. மகளுடைய வண்டியும் மருமகனுடைய வண்டியும் வீட்டில் சும்மா நின்றன. மூன்று நாள் போய்வரலாம் என்று முடிவு செய்தோம்.

இக்கட்டுரையை இருவரும் சேர்ந்தே எழுதுகின்றோம். எந்த வரி எவருடையது என்று வாசகர்கள் தேட வேண்டா. எங்களுள் கணவருக்கு அதற்கு இரண்டாண்டுகள் முன்னர் இதய அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. சமதரையில் மெதுவாக மிதிவண்டி ஓட்டலாம் என்று மருத்துவர் இசைவு தந்திருந்தார். மனைவியோ ஆசிரியப் பணியில் இருபத்திரண்டு ஆண்டுகள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மிதிவண்டியிலேயே சென்று வந்தவர். ஆகவே இருவருள் வலியவர் அவரே. இவ்வுண்மையை ஒருவர் மகிழ்ச்சியுடனும் மற்றவர் சற்றுத் தயக்கத்துடனும் எழுதுகின்றோம்.

முதல் நாள் மகள் கட்டித் தந்த புளியோதரைப் பொட்டலத்துடன் புறப்பட்டோம். வழியில் விரேத்தா என்னுமிடத்தில் சுவீடனின் முதல் கன்னியர் மடம் இருந்த தடம் உள்ளது. அதனை ஒட்டிய பெர்க் என்னும் ஊரில் யோட்டா கால்வாய் ஏழு அடுக்கு மதகுகளாக, தண்ணீரால் கட்டிய படிக்கட்டுப்போல் ஏரியிலிருந்து மேலேறுகிறது. படகுகள் ஒவ்வொரு தொட்டியாக நீர் நிரம்பக் காத்திருந்து மேலே வருவதைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் கழித்தோம்.

இக்கால்வாய் 1810ஆம் ஆண்டு தொடங்கி 1832ஆம் ஆண்டு வரை வெட்டப்பட்டது. 190 கிலோமீட்டர் நீளம், 58 மதகுகள். இடையிடையே ஏரிகள் அமைந்திருப்பினும், 87 கிலோமீட்டர் தொலைவை மனிதர் கையாலேயே தோண்டினர். ஏறத்தாழ 58,000 போர்வீரர்கள் மண்வெட்டியேந்தி உழைத்தார்கள். கரையோரம் அக்காலத்தில் எருதுகள் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துச் சென்ற பாதையே இன்று மிதிவண்டிப் பாதை. எருதுகள் நடந்த பாதையாதலால் ஏற்றமே இல்லை. ஒருபுறம் அசையாத நீர், மறுபுறம் வயல், மேலே மரநிழல். இதயநோயாளிக்கென்றே வெட்டிய வழி என்று மகிழ்ந்து சென்றோம். அன்றிரவு தங்கிய போரென்ஸ்பெர்க்கில் மதகுக் கதவை இன்றும் கையால் சுழற்றியே திறக்கிறார்கள்.

மோட்டாலா நகரில், இக்கால்வாயை வெட்டுவித்த பால்ட்சார் வான் பிளாட்டன் கால்வாய்க் கரையிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் 1829ஆம் ஆண்டில் இறந்தார். கால்வாய் முடிய இன்னும் மூன்றாண்டுகள் இருந்தன. கல்லறையருகே நின்றபோது எங்களுள் ஒருவர், “பாவம், பார்க்கக் கொடுத்து வைக்கலையே” என்றார். மற்றவர் ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் எங்களிடையே எத்தனையோ பேச்சுகள் நடந்தன. மாத்திரை வேளையைப் பற்றிப் பேசினோம். உப்பைக் குறைப்பதைப் பற்றிப் பேசினோம். மருத்துவச் செலவுக்கு வாங்கிய கடனைப் பற்றியும் பேசினோம். ஒருவர் முந்திப் போய்விட்டால் மற்றவர் என்ன செய்வார் என்பதை மட்டும் பேசவேயில்லை. அவ்விடம் வரும்போதெல்லாம் யாரேனும் ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவோம்.

மோட்டாலாவிலிருந்து தெற்கே வெட்டெர்ன் ஏரிக்கரையாக வாட்ஸ்டேனாவுக்குச் சாலை செல்கிறது. வெட்டெர்ன், சுவீடனின் இரண்டாவது பெரிய ஏரி. கடல் என்றே எண்ணத் தோன்றும். 1966ஆம் ஆண்டிலிருந்து ஜூன் மாதங்களில் இவ்வேரியைச் சுற்றி ஏறத்தாழ 300 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டும் பெருநிகழ்ச்சி மோட்டாலாவில் நடந்து வருகிறது. பல்லாயிரம் பேர் இரவெல்லாம் ஓட்டுவார்களாம். நடுவழியில் சூடான அவுரிநெல்லிப் பழக் கஞ்சி கொடுப்பார்களாம். நாங்கள் அவர்கள் ஓடிய அதே சாலையில், பதினாறு கிலோமீட்டரைக் கடக்க இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டோம். காரணம் காற்று.

தென்மேற்கிலிருந்து ஏரியைத் தடவி வந்த அக்காற்று நேரே முகத்தில் அறைந்தது. சமவெளியில் மேடு இல்லையே என்று மகிழ்ந்தோமே, அங்கே காற்றுத்தான் மேடு. மருமகன் புறப்படுமுன் ஒரு வழி சொல்லியிருந்தார். எதிர்க்காற்றில் வலியவர் முன்னே செல்ல வேண்டும். மற்றவர் அவருடைய பின்சக்கரத்தை ஒட்டி, ஒரு முழ இடைவெளியில் வர வேண்டும். முன்னவர் காற்றைப் பிளப்பதால் பின்னவருக்கு உழைப்பு நன்றாகக் குறையும். பந்தயவீரர்களும் அப்படியே செய்கிறார்கள். மனைவி முன்னே சென்று, “என் பின்னாலேயே ஒட்டி வாங்க” என்றார். கணவர் கேட்கவில்லை. மனைவியின் முதுகுக்குப் பின்னே ஒதுங்கிச் செல்வதா என்ற எண்ணம் ஒன்று; அதனினும் ஆழமாக, தாம் நோயாளி என்பதை ஒப்புக்கொள்வதாகுமே என்ற அச்சம் மற்றொன்று. தனியே பத்து கஜம் விலகியே ஓட்டினார். விலகியது பத்து கஜமாயிருந்து, நூறாயிற்று, பிறகு வளைவுக்கு அப்பால் மறைந்துபோயிற்று.

முன்சென்றவர் ஓர் ஆலயச் சுவரருகே இறங்கிக் காத்திருந்தார். அவ்வேளை மகள் தொலைபேசியில் அழைத்தாள். “அப்பா எங்கேம்மா?” “பின்னால வர்றாங்க.” அப்படிச் சொன்ன குரல் நடுங்கியதை மகள் கவனித்தாளோ என்னவோ, எங்களுள் ஒருவருக்கு அது இன்றும் நினைவிருக்கிறது. பின்வந்தவர் வந்து சேர்ந்ததும், “நீ இப்படி முன்னால போய் நின்னு காத்திருக்காதே, எனக்கு அவமானமா இருக்கு” என்றார். “திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே ஓட்டுறது எனக்கு மட்டும் சுகமா?” என்று மறுமொழி வந்தது. பின்னர் வாட்ஸ்டேனா வரையில் இருவரும் வாய் திறக்கவில்லை.

வாட்ஸ்டேனா பிரிஜித்தம்மாளின் ஊர். இங்கிருந்த அரண்மனையை 1346ஆம் ஆண்டு மன்னர் மாக்னுசும் அரசி பிளாங்காவும் அவருடைய மடத்திற்குக் கொடுத்தனர். அவர் வகுத்த சபை புதுமையானது. அறுபது கன்னியரும், குருக்கள் உள்ளிட்ட இருபத்தைந்து ஆடவரும் ஒரே கோவிலைச் சார்ந்து, மதிலால் பிரிந்து வாழ வேண்டும். அனைவருக்கும் தலைவி, அன்னையாகிய மடத்தலைவியே. 14ஆம் நூற்றாண்டில் ஒரு பெண் இவ்வாறு எண்ணினார் என்பதே வியப்பு. ஆனால் அவர் தம் மடத்தைக் காணவில்லை. 1349ஆம் ஆண்டு உரோமைக்குப் புறப்பட்டவர், 1370இல் திருத்தந்தை 5ஆம் உர்பனிடம் சபைக்கு ஒப்புதல் பெற்று, 1373 ஜூலை 23ஆம் நாள் உரோமையிலேயே இறந்தார். மறு ஆண்டு அவருடைய எலும்புகளே மகள் கத்தரீனுடன் வாட்ஸ்டேனாவுக்கு வந்தன. 1391இல் புனிதர் பட்டம் அளிக்கப்பெற்றது. 1430இல் பெருங்கோவில் அபிஷேகமாயிற்று.

கோவில் எளிமையாகவும் உறுதியாகவும் இருக்கவேண்டும் என்பது அவர் கட்டளை. நீலச்சாயல் படிந்த சாம்பல்நிறச் சுண்ணாம்புக்கல்லால் எழுப்பப்பட்டதனால் ஊரார் அதை நீலக்கோவில் என்கின்றனர். 16ஆம் நூற்றாண்டுச் சமயமாற்றத்தில் நாடு லூத்தரன் சபையைத் தழுவியது. கடைசிக் கன்னியர் 1595ஆம் ஆண்டு வெளியேறினர். கத்தோலிக்கம் அந்நாட்டில் எத்துணைக் காலம் ஒடுக்கப்பட்டது என்பதற்கு ஒன்று கூறலாம்: 1858ஆம் ஆண்டிலும்கூட, கத்தோலிக்கரான குற்றத்திற்காக ஆறு பெண்கள் நாடு கடத்தப்பட்டனர். பிரிஜித்தம்மாளின் சபைக்குப் புத்துயிர் அளித்த சுவீடன் நாட்டு அன்னை மரிய எலிசபெத் ஹெசல்பிளாத் 1935இல் சகோதரியரை மீண்டும் இவ்வூருக்குக் கொணர்ந்தார். அவ்வன்னைக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016ஆம் ஆண்டு புனிதர் பட்டம் அளித்தார்.

நீலக்கோவில் இன்று லூத்தரன் ஆலயம். ஆயினும் புனிதையின் திருப்பண்டங்கள் எனப் போற்றப்படும் சிவப்புப் பட்டுறை போர்த்திய பேழை அங்கேயே இருக்கிறது. அதிலிருந்த இரு மண்டையோடுகள் தாய், மகளுடையவை ஆகா என்று 2010ஆம் ஆண்டு உப்சாலாப் பல்கலைக்கழக ஆய்வு கூறியது. நாங்கள் அதனை அறிந்தே சென்றோம். ஓர் ஓரத்து இருக்கையில் அமர்ந்து, தாழ்ந்த குரலில் தமிழில் செபமாலை சொன்னோம். சண்டையிட்ட கோபம் தீராதிருந்தமையால், மூன்றாம் காரணிக்கம் வரை ஒருவரையொருவர் பார்க்காமலே மறுமொழி கூறினோம்.

மூன்றாம் நாள் வாட்ஸ்டேனாவிலிருந்து தெற்கே, தோக்கெர்ன் என்னும் ஆழமற்ற ஏரியைச் சுற்றிப் புறப்பட்டோம். ஆளுயர நாணற்காடு, கண்ணுக்குப் புலப்படாமல் ஆயிரம் பறவைகளின் ஒலி. காற்று முந்தைய நாளைவிடக் குறைந்திருந்தது. எனினும் எதிர்க்காற்றே. மெல்ல ஓட்டி நண்பகலில் ரோக் என்னும் சிற்றூரை அடைந்தோம்.

ஆலயத்தின் பக்கத்தில், கூரையொன்றின் கீழ், பெரிய கல் ஒன்று நிற்கிறது. ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. கிறிஸ்தவம் அந்நாட்டிற்குள் வேரூன்றாத காலம். முன்னும் பின்னும் பக்கங்களும் உச்சியும் என எல்லாப் புறமும் ரூனிக் எழுத்துகள், எழுநூறுக்கும் மேல். கல்லில் வெட்டிய ரூனிக் சாசனங்களில் இதுவே மிக நீண்டது. வாரின் என்னும் தந்தை, இறந்துபோன தன் மகன் வேமோத் நினைவாக வெட்டியது. அதன்பின் வருவனவெல்லாம் புதிர். பழைய வீரர் கதை என்பர் சிலர். 536ஆம் ஆண்டில் கதிரவன் மங்கிக் கோடையே இல்லாமற்போன பெருந்துன்பத்தின் நினைவும், அது மீண்டும் வருமோ என்னும் அச்சமும் அதில் உள்ளன என்று 2020ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. எல்லோரும் ஒன்றாகப் புரிந்துகொள்ளும் பகுதி, தந்தை மகனுக்காக எழுதினான் என்னும் அத்தொடக்கம் மட்டுமே. இந்தக் கல்லை இடைக்காலத்தில் ஆலயத்துக் கட்டடச் சுவரில் சேர்த்துக் கட்டிவிட்டார்களாம். அதனாலேயே எழுத்துகள் மழையில் தேயாமல் தப்பின.

கல்லின் முன் நாங்கள் வெகுநேரம் நின்றோம். புறப்படும்போது கணவர், யாரும் சொல்லாமலே, மனைவியின் வண்டிக்குப் பின்னே தம் வண்டியை நிறுத்தினார். அங்கிருந்து மேற்கே அல்வாஸ்த்ரா வரை எட்டொன்பது கிலோமீட்டர் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தார். மருமகன் சொன்னது மெய்தான். மனைவியின் முதுகுக்குப் பின்னே ஓர் அமைதியான அறை இருந்தது. அதற்குள் அமர்ந்து வருவதுபோல் இருந்தது. முன்சென்றவருக்கோ, திரும்பிப் பார்க்கவேண்டாத முதல் பயணம் அது. சக்கரத்தின் ஓசை காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது.

அல்வாஸ்த்ரா, ஓம்பெர்க் மலையின் தென்னடியில் கூரையற்று நிற்கும் துறவுமடம். கிளேர்வோ மடத்திலிருந்து வந்த சிஸ்தர்சியன் துறவியர் 1143ஆம் ஆண்டு நிறுவியது. சமயமாற்றத்திற்குப்பின் மன்னர் குஸ்தாவ் வாசா இதன் கற்களைப் பெயர்த்து வாட்ஸ்டேனாக் கோட்டைக்குக் கொண்டு சென்றார். எஞ்சிய வளைவுகளுக்கிடையே இன்று புல் வளர்ந்திருக்கிறது. வெயில் விழுந்த ஒரு மதிற்சுவரில் சாய்ந்து அமர்ந்து, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றோம்.

பிரிஜித்தம்மாளின் கணவர் உல்ப் இங்கேதான் இறந்தார். இருவரும் நாம் சந்தியாகப்பர் என வணங்கும் அப்போஸ்தலரின் கொம்போஸ்தெலாத் திருத்தலத்திற்குச் சேர்ந்தே யாத்திரை சென்றவர்கள். திரும்பும் வழியில், பிரான்சு நாட்டு அர்ராஸ் நகரில் உல்ப் கடுமையாக நோயுற்றார். பிழைத்து எழுந்தார், நாடு திரும்பினார், ஆயினும் 1344ஆம் ஆண்டு இம்மடத்தில் உயிர் நீத்தார். இறக்குமுன் மனைவியின் விரலில் ஒரு மோதிரம் அணிவித்தார். அவர் இறந்த சில நாள்களிலேயே பிரிஜித்தம்மாள் அதைக் கழற்றிவிட்டாராம். உற்றார் அதைக் கண்டு, கணவர்மேல் இவ்வளவுதானா அன்பு என்றனர். அம்மோதிரம் பழைய இன்பங்களை நினைவூட்டித் தம் உள்ளத்தைக் கீழே இழுக்கிறது என்றும், இனி இறைவனையே நோக்க விரும்புவதாகவும் அவர் பொருள்படக் கூறினார் என்று அவர் வரலாறு சொல்கிறது.

வரலாற்றை மகள் வீட்டில் முன்னரே படித்திருந்தோம். கணவருக்கு அது பிடிக்கவில்லை. “நாலு நாள் பொறுத்திருக்கலாம்” என்றார், பாதி விளையாட்டாக. மனைவி நெடுநேரம் மறுமொழி கூறவில்லை. பிறகு தம் தாயைப் பற்றிச் சொன்னார். இருவரும் அறிந்த நிகழ்ச்சிதான். ஆயினும் நாற்பதாண்டு இல்லறத்தில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அன்றே. தந்தை இறந்த அன்று உறவுப் பெண்கள் தாயைச் சூழ்ந்து நின்று தாலியைக் கழற்றினார்கள். தாயின் கை அதைத் தொடவேயில்லை. கழற்றலாமா என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. அழுதுகொண்டிருந்த தாய் ஒரு கணம் அழுகையை நிறுத்தி, கழுத்தைத் தடவிப் பார்த்தாராம். வீட்டு மூலையில் நின்ற மகள் அதைக் கண்டாள்.

“அந்த அம்மா தானே கழற்றியிருக்காங்க” என்றார் மனைவி. “யாரும் பிடுங்கலை. யார் சொல்லியும் கேட்டுக்கலை. எனக்கு அதுதான் பெரிசாத் தெரியுது. உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா, என் கழுத்துல யாரும் கை வைக்கக் கூடாது. வச்சிருக்கணும்னு தோணினா வச்சிருப்பேன். கழற்றணும்னு தோணினா நானே கழற்றுவேன்.”

இரண்டாண்டுகளாக எவரும் தொடாத பேச்சு இவ்வாறு அவ்விடத்தில் தொடங்கிற்று. கணவர் சிறிது நேரம் கழித்து, “நான் பிள்ளைகளிடம் சொல்லி வைக்கிறேன்” என்றார். பின்னர் கடனைப் பற்றியும், வீட்டுப் பத்திரத்தைப் பற்றியும், எந்தக் கல்லறைத் தோட்டம் என்பதைப் பற்றியும் பேசினோம். எளிய பேச்சுகள்தாம். இருவருள் யார் முதலில் அழுதார் என்பதை மட்டும் இங்கே எழுதுவதாக இல்லை. எழுந்தபோது மதில் நிழல் எங்களைக் கடந்து வெகுதூரம் போயிருந்தது.

திரும்பும் வழி வடகிழக்கு. காற்று இப்போது முதுகில். மலைக்கும் நாணல் ஏரிக்கும் இடையே வண்டிகள் தாமாகவே ஓடின. ஒருவர் பின் ஒருவர் ஒதுங்கி வரவேண்டிய தேவையே இல்லை. வேவெர்சுந்தா என்னும் சிற்றூரில் 12ஆம் நூற்றாண்டுச் சுண்ணாம்புக்கல் ஆலயம் ஒன்று தனியே நிற்கிறது. கல்லறைகளின் பூச்செடிகளுக்கு நீர் ஊற்ற வைத்திருந்த குழாயில் முகம் கழுவி, புட்டிகளை நிரப்பிக்கொண்டோம்.

வாட்ஸ்டேனாவில் நீலக்கோவிலின் கூரை தென்பட்டபோது மணி ஒன்பது. வெயில் இன்னும் ஏரிமேல் சாய்ந்துகொண்டிருந்தது. விடுதி வாசலில் இறங்கும் வேளை மகள் அழைத்தாள்.

“வந்துட்டீங்களாம்மா? அப்பா பின்னால வர்றாங்களா?”

“இல்லம்மா. பக்கத்துலதான் நிக்கிறாங்க.”